அத்தான் பார்க்காத வெள்ளம்

ஜூன் 15, ஞாயிறு இரவு

இவ்வளவு நாளும் அக்காவின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

இன்று மல்வேர்னில் ஊர்ச்சங்க ஒன்றுகூடல். அத்தான் எங்கள் ஆஸ்திரேலியப் பயணப் படங்களைப் பெரிய திரையில் காட்டினார். பாலைவனத்துக்கு மேலே சிறிய விமானத்தில் பறந்ததையும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் அங்கே வரும் வெள்ளத்தைத் தான் கண்டதையும் வர்ணித்தார். சிவந்த மணலுக்குள் நரம்புகளைப்போலப் பிரிந்து ஓடிய தண்ணீர், அதன்மேல் விமானத்தின் சின்ன நிழல். எல்லாம் அன்றிரவு விடுதியில் நான் அவருக்குச் சொன்னவை. படங்களும் நான் அனுப்பியவை. விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"தம்பியும் கூடப் போனவரெல்லே?" என்று செல்வம் அன்ரி என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஓம், வந்தவர். வந்து என்ன? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகா முருகா எண்டு இருந்தவர். நான்தான் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

"பாவம், பயந்த பிள்ளை" என்றார் அன்ரி. அந்த இரக்கம்தான் இன்னும் எரிகிறது. என் வாழ்க்கையில் நான் வாயடைத்துப் பார்த்தது அந்தத் தண்ணீர் ஒன்றைத்தான். அதையும் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு அனுப்பாத படம் ஒன்று என் தொலைபேசியில் இருக்கிறது. ஜன்னல் நிறைய வெள்ளம். அதற்கு முன்னால் அத்தான், கண்ணை மூடியபடி, வாந்திப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

சங்கத்தின் இணையப் பக்கத்தில் பெயர் போடாமலும் பதியலாம். அப்படியே பதியப் போகிறேன். விமானத்தின் பின் இருக்கையில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே இருந்தோம். எடுத்தது யாரென்று அவருக்குத் தெரிந்தால் போதும்.