நிக்கோலா நாளுக்கு யாரும் கூப்பிடவில்லை

செப்டம்பர் 9

மத்தியானத்திலிருந்து முற்றத்தில் குடைமிளகாய் சுடுகிறார்கள். இந்த மாதம் பெல்கிரேடில் எந்தத் தெருவில் திரும்பினாலும் இதே வாசனைதான். கொடியில் காயப்போட்ட என் போர்வைகூட மிளகாய்க் கருகல் நாறுகிறது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு மிலேவா நிமிர்ந்து கத்தினாள். "ஏய் எஸ்தோனியாக்காரி! மோப்பம் பிடிச்சா வயிறு நிறையுமா? இறங்கி வந்து தோலை உரி!"

போனேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். கூலியாக ஒரு பாட்டில் அய்வார் கொடுத்து அனுப்பினாள். சுட்ட மிளகாயை மசித்து எண்ணெய் மினுங்கக் காய்ச்சியது. ரொட்டியில் தடவித் தின்றேன். டாலினில் ஒவ்வொரு செப்டம்பரும் என் புருஷன் மியோத்ராக் கடையில் ஒரு குடைமிளகாயைக் கையில் எடுத்து, "இது மிளகாயே இல்ல ஹெல்வே, மிளகாய் வேஷம் போட்ட தண்ணி" என்பான். இருபத்து நான்கு வருஷமும் அதை வீம்பு என்று நினைத்தேன். வீம்பில்லை, உண்மை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை. அலமாரிக்கு மேலே சாம்பலாக இருக்கிறான், அவனுடைய கம்பளிச் சட்டையிலேயே சுற்றிவைத்த கலசத்தில். அலமாரியைப் பார்த்துச் சொன்னேன். என்ன பிழைப்பு இது!

செப்டம்பர் 15

இன்று கேட்டுவிட்டேன். மார்ச்சில் வந்ததிலிருந்து தள்ளிப்போட்டு வந்தது.

மியோத்ராக்கின் அண்ணன் லூபோமிர் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி தேசாங்கா வழக்கம்போல முதலில் செர்ரிப் பழப் பாகும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தாள். ஒரு கரண்டி எடுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கரண்டியைத் தம்ளரிலேயே போட வேண்டும். முதல் தடவை வந்தபோது கிண்ணம் முழுவதும் எனக்கென்று நினைத்து வழித்துத் தின்றேன். இப்போது தேறிவிட்டேன்.

பிறகு சொன்னேன். மியோத்ராக்கை உங்கள் குடும்பக் கல்லறையில், அம்மா அப்பாவோடு வைக்க வேண்டும். அவன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

லூபோமிர் வெகுநேரம் மேசைத் துணியையே தடவிக்கொண்டிருந்தார். "எரிச்சது யாரு?"

"நான்தான்."

"நாங்க எங்க ஆளுங்கள எரிக்கிறதில்ல."

எங்கள் ஊரில் எரிப்போம், அவனும் வேண்டாமென்று சொல்லவில்லை என்றேன். அவர் கேட்டாரா தெரியவில்லை. தொண்ணூறுகளில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அண்ணன் போனார், தம்பி ஓடினான். அம்மா செத்தபோதும் தம்பி வர முடியவில்லை. இதெல்லாம் அந்த மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தது. கடைசியில், "பார்க்கலாம். நேரம் வரட்டும்" என்றார்.

தேசாங்கா படிவரை வந்தாள். "அவர் வாய்தான் கல்லு. நீ மனசை விட்டுடாத."

செப்டம்பர் 16

எங்கள் ஊரில் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். இங்கே என்ன அர்த்தம்?

அக்டோபர் 6

கோட்டைக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மியோத்ராக் உட்கார்ந்திருந்த மதில். கீழே சாவா வந்து டான்யூபில் கலக்கிறது. அவன் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். நேரில் பார்த்தால் இரண்டு ஆறுகள், ஒன்று பழுப்பு, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பழுப்பு. பக்கத்தில் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணக் கூட்டம் படமெடுக்க வந்து என்னை நகரச் சொன்னது. நகர்ந்தேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. அவன் நாக்கால் இந்த ஊரைத் தின்றுவிடலாம், அவன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்து வந்தேன். அவன் இல்லாமல் இது வெறும் ஊர், டிராம் சத்தமும் சிகரெட் புகையும்.

தங்கை தார்த்துவிலிருந்து போன் செய்தாள். "அங்க யாருக்காக உட்கார்ந்திருக்க? திரும்பி வந்துடு." இவனை இறக்கி வைக்காமல் எங்கே வருவது?

அக்டோபர் 7

காலையில் இறைச்சி அடைத்துச் சுட்ட புரெக் ரொட்டி, தயிர். விரலெல்லாம் எண்ணெய். நன்றாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போனது.

நவம்பர் 17

சந்தையில் தேசாங்காவைப் பார்த்தேன். ஊறப்போடுவதற்கு முட்டைக்கோசை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கடைக்காரனிடம் "இது கோசா, உன் தலையா, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் நிக்கோலா வியாழக்கிழமை வருது. விரத நாள், மீன்தான் சமைக்கணும். கெண்டைக்கு இப்பவே சொல்லி வைக்கணும், இல்லன்னா முள்ளுதான் மிஞ்சும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சொந்தமெல்லாம் அன்னைக்குத்தான் ஒண்ணா உட்காரும். பெரிய பேச்சு எதுவா இருந்தாலும் அவர் அந்த மேசையிலதான் பேசுவார். புரியுதா?" என்றாள்.

புரிந்தது! வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. நிக்கோலா அவர்கள் குடும்பத்தின் புனிதர், அவர் நாளை ஸ்லாவா என்பார்கள். டாலினில் மியோத்ராக் விடாமல் கொண்டாடினான். பத்து நாள் முன்பே போனை எடுத்து என் அலுவலகத்துக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவான், வந்தே ஆக வேண்டும் என்று. டிசம்பர் பிறந்ததும் தேசாங்கா கூப்பிடுவாள். நல்ல திராட்சை மது ஒன்று வாங்கி வைக்க வேண்டும்.

டிசம்பர் 9

பத்து நாள் இருக்கிறது. இன்று கூப்பிடுவார்கள்.

டிசம்பர் 14

இல்லை.

டிசம்பர் 18

படியில் மிலேவா. "நாளைக்கு மூணு வீட்டுக்குப் போகணும் தங்கம், மூணு நிக்கோலா! வயிறு ஒண்ணுதானே இருக்கு, என்ன செய்ய? நீ எங்க போற?"

"எங்கும் இல்லை" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அவளை மூன்று வீடுகளில் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை ஒரு வீட்டில்கூட இல்லை. நானே போன் செய்து கேட்டால் என்ன? என்னவென்று கேட்பேன்? எனக்குச் சோறு போடுவீர்களா என்றா? கூப்பிடாத வீட்டு வாசலில் நிற்க என்னை வளர்க்கவில்லை.

டிசம்பர் 19

காலையிலேயே நீலக் கவுனை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டேன். கடைசி நேரத்தில் கூப்பிட்டால் ஓட வேண்டுமே. மது பாட்டில் கதவோரம். போனைச் சத்தமாக வைத்து மேசை நடுவில் வைத்தேன்.

எதிர்க் கட்டடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பூவும் பாட்டிலுமாக. வாசலில் மூன்று தடவை கன்னத்தில் முத்தம்.

இரண்டு மணி தாண்டியதும் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல அவர்கள் வழி அது. பெரிய பேச்சை அந்த மேசையில் பேசியிருப்பார்கள், நான் இல்லாமல். எரித்தவளைப் பக்கத்தில் உட்கார வைப்பார்களா?

ஏன்டா இங்க பிறந்த? பிறந்துட்டு ஏன்டா என்னைக் கட்டிக்கிட்ட? உன்னைத் தூக்கிக்கிட்டு நான் எங்கடா போவேன், சொல்லு! அலமாரி மேல உட்கார்ந்துக்கிட்டு பேசாம இருக்கியே!

கவுனோடேயே படுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 20

மிலேவா ஒரு தட்டில் குளிர்ந்த மீனும் வேகவைத்த அவரைக்கொட்டையும் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்து, "ஏன் தங்கம், உன் புருஷனோட அண்ணன் வீட்டுக்குப் போகலையா?" என்றாள்.

"அவர்கள் கூப்பிடவில்லை."

தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "கூப்பிடறதா? ஸ்லாவாவுக்கு யாரு கூப்பிடுவா? கூப்பிட்டா அசிங்கம். கதவைத் திறந்து வச்சிருப்பாங்க, உறவுன்னு நினைக்கிறவன் தானா வருவான். வராதவன்…"

நிறுத்திவிட்டாள். வராதவன் என்ன, சொல்லு மிலேவா என்றேன்.

"வராதவன் உறவே வேண்டாம்னு சொல்றான்."

நான் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். பாட்டிலைக்கூட எடுக்கவில்லை. மியோத்ராக் ஏன் சொல்லவில்லை? எங்கள் ஊர்க்காரர்கள் கூப்பிடாமல் வர மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதனால் கூப்பிட்டான். அவனுக்கு அது சின்ன விஷயம். நான் அதையே வழக்கம் என்று கற்றுக்கொண்டேன்.

தேசாங்கா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. "உனக்கு நாற்காலி போட்டிருந்தோம். ஸ்லாவா அப்பத்தை வெட்டாம ஒரு மணி நேரம் எல்லாரையும் பட்டினி போட்டார். 'டிராம் லேட்டா இருக்கும், வந்துடுவா'ன்னார். டிராம் பத்தி அவருக்குத் தெரியாதா?"

உள்ளிருந்து லூபோமிர் வந்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன், கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன், போனருகிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று.

"கூப்பிடறதுக்கு நீ என்ன ஊரானா?" என்றார். "என் தம்பிக்குக் குழி கேட்க இந்த வாசல் தெரிஞ்சுது. அவன் புனிதருக்கு மெழுகுவத்தி ஏத்துற அன்னைக்கு வாசல் தெரியல."

கதவை அவர்தான் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

டிசம்பர் 21

ஊரான் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கத்தானே வந்தேன். கேட்ட அன்றே போயிற்று.

ஜனவரி 7

அவர்கள் கிறிஸ்துமஸ். இந்த முறை யாரையும் எதிர்பார்க்காமல் போய் மணியடித்தேன். உள்ளே வானொலிச் சத்தம் கேட்டது. அது நின்றது. யாரும் வரவில்லை.

ஜனவரி 23

பனிச்சேறு. சாப்பிடப் பிடிக்கவில்லை. தங்கை சொல்கிறாள், ஆற்றில் கரைத்துவிட்டு வா, அவன் ஊர் ஆறுதானே என்று. கலசத்தை எடுத்துக்கொண்டு கோட்டை வரை போனேன். முடியவில்லை. அம்மா பக்கத்தில் என்று கேட்டவனைப் பழுப்புத் தண்ணீரில் கொட்ட என் கை வரவில்லை. திரும்பவும் அலமாரி.

நான் உயிரோடு இருந்து யாருக்கு என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டே முழங்கால்வரை நனைந்து வந்தேன். மிலேவா சூப்பு கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து, நான் குடித்து முடித்த பிறகுதான் போனாள்.

பிப்ரவரி 11

லூபோமிருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. தேசாங்கா போனில் சொன்னாள், "இப்ப வராத. அவருக்குக் கோபம் வரக்கூடாது." என்னைப் பார்த்தாலே கோபம் வரும் என்ற நிலையில் இருக்கிறேன்.

பிப்ரவரி 20

செத்துப்போனார். யாரும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டெதிரே மரத்தில் கறுப்புக்கரை போட்ட காகிதம் ஒட்டியிருந்தது, படத்தோடு. இங்கே அப்படித்தான், பார்த்தவர்கள் வர வேண்டும்.

என்னை மன்னிக்காமலே போய்விட்டார். இனி எத்தனை கதவைத் தட்டினாலும் ஆகாது.

பிப்ரவரி 22

இன்று அடக்கம். காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். துரத்தினால் தெருவில் நிற்கலாம் என்று நினைத்தேன். தேசாங்கா கறுப்பு முக்காட்டோடு அடுப்படியில் சாவுக்குப் படைக்கும் கோதுமையை அவித்துச் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அவன் எங்க?" என்றாள்.

"யார்?"

"உன் புருஷன். வெறுங்கையோட வந்திருக்க? போய் எடுத்துட்டு வா. இன்னைக்குக் கல்லறை மூடியைத் தூக்கியாச்சு. நாலு ஆளு வேணும் அதைத் தூக்க. உனக்காக இன்னொரு தடவை நான் ஆள் தேட மாட்டேன்."

"லூபோமிர் சம்மதிக்கவில்லையே…"

"அவர் சம்மதத்தைக் கேட்டா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்? அனுமதிச் சீட்டெல்லாம் நேத்தே வாங்கிட்டேன். ஓடு!"

ஓடினேன். எரித்தவர்களுக்குப் பாதிரியார் ஜெபம் சொல்ல மாட்டார். அதனால் லூபோமிருக்குச் சொல்லி முடித்து அவர் நகரும்வரை, கலசத்தைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, அடுத்த கல்லறைக்குப் பின்னால் நின்றேன், திருடி மாதிரி. பாதிரியார் தலை மறைந்ததும் தேசாங்கா கையசைத்தாள். ஆள் ஒருவர் இறங்கி வாங்கி, அண்ணன் பெட்டியின் காலடியில் வைத்தார். தேசாங்கா குனிந்து பார்த்து, "தலைமாட்டுல வைய்யா, கால்மாட்டுல வச்சா இவர் எட்டி உதைப்பார்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் உடைந்து அழுதாள். நானும்.

மூடியை இழுத்து மூடினார்கள்.

மியோத்ராக் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் அவனைச் சேர்க்க, அவன் அண்ணன் சாக வேண்டியிருந்தது. ஒரு போன் எடுத்து நான் கேட்டிருந்தால் அவர் தன் வாயாலேயே சொல்லியிருப்பார், அந்த மேசையில், எல்லோர் முன்னாலும். ஊருக்கு டிக்கெட் பார்க்க வேண்டும். இனி இங்கே எனக்கு வேலை இல்லை.

மார்ச் 16

டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. தூங்குகிறேன்.

ஏப்ரல் 1

நாற்பதாம் நாள். கோதுமையும் மதுவும் எடுத்துக்கொண்டு தேசாங்காவோடு கல்லறைக்குப் போனேன். கல்தச்சன் வேலையை முடித்திருந்தான். லூபோமிரின் பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம். மியோத்ராக்கின் பெயர், இரண்டு வருஷங்கள். அதற்குக் கீழே தேசாங்கா, பிறந்த வருஷம், ஒரு கோடு, காலி இடம். இங்கே வழக்கம்தான், இருப்பவர்கள் பெயரையும் முன்கூட்டியே வெட்டிவைத்துவிடுவார்கள்.

அதற்கும் கீழே ஹெல்வே. பிறந்த வருஷம், ஒரு கோடு, காலி இடம்.

"என்ன இது?" என்றேன்.

"ஆள் வந்தப்பவே சேர்த்து வெட்டிட்டா வேலை முடிஞ்சுதுல்ல? ஒவ்வொருத்தருக்கா அவனைத் தேடிட்டிருக்க முடியுமா?" என்று தேசாங்கா மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். காற்றில் அணைந்தது. திட்டிக்கொண்டே மறுபடி கொளுத்தினாள்.

வருஷம் தப்பு. நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.