நேற்று நாய் துரத்திய வழியில்

பாஸ்தியென்,

தூக்கமே வரவில்லை. ஷூவை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டிவிட்டேன். ஏரிக்குப் போகிறேன். இன்று மாலை துலூஸ் திரும்புகிறோம், அதைப் பார்க்காமல் நான் வரமாட்டேன். ஆமாம், ஆட்டு மந்தையும் அந்த வெள்ளைக் காவல் நாயும் இருக்கும் வழியாகத்தான்.

ஃபிளாஸ்கில் காபி இருக்கிறது. சீஸை முழுவதும் தீர்த்துவிடாதே. கார் சாவி கொக்கியில் தொங்குகிறது.

வீட்டுக்கார மதாம் ஃபாப்ர் போர்வைகளை எடுக்க வருவார். நேற்று அவரிடம், "நாய் வந்ததும் சோலேன் மரம் மாதிரி நின்னுட்டா. நான்தான் உதவிக்கு ஆள் கூப்பிட ஓடினேன்" என்று அளந்தாயே, இன்றும் ஆரம்பிக்காதே. மந்தை நாய் வந்தால் ஓடாமல் நிற்க வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அதனால்தான் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆள் கெடைச்சாங்களா, முசியே?" என்று கேட்டார்.

நீ ஓடியதில் எனக்குக் கோபமில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே, அதுதான்.

சோலேன்

பி.கு.: மேகம் திரண்டால் வெளியே காயும் உன் சாக்ஸை உள்ளே எடுத்துப் போடு.

அந்த நாய் என் கையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. என்ன ஆச்சு என்று நீ கேட்கவே இல்லை.

போகும் வழியில் மேய்ச்சல் நிலத்து மரக்கதவருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். வருவதானால் வா. மறுபடி ஓடத் தோன்றினால் ஓடு, ஆனால் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடு.