தம்பியின் இடது கண்

பம்பாய்,
4-7-1938

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதைப் படித்தபின் சொன்னால் நீ நம்பமாட்டாய்.

மூன்று வாரமாக நான் விமானத்தில் ஏறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விமானம் ஓட்டுகிற எங்களுக்கு உடம்புச் சோதனை உண்டு. டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் செல்லும். இந்தத் தடவை அவர் போடவில்லை. என் இடது கண்ணின் பாப்பா மட்டும் அகலமாக விரிந்திருந்ததாம். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தும் சுருங்கவில்லையாம். மூளையிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம் என்றார். என் நடத்தையைப் பற்றி வேறு சில கேள்விகளும் கேட்டார். அவற்றை அக்காவுக்கு எழுத முடியாது.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருந்தன. சந்தோஷமாக மறுபடி சோதனைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து மறுபடி விரிந்திருந்தது. வந்து வந்து போகிற கோளாறு இன்னும் மோசம் என்கிறார். செப்டம்பர் கடைசியில் ஒரே ஒரு சோதனை பாக்கி. அதற்குள் பெயர்பெற்ற கண் டாக்டர் யாராவது காரணம் கண்டுபிடித்து எழுதிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் எனக்கு விமானம் இல்லை. இங்கே இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். கண் சரியாக இருக்கும்போது பார்த்துவிட்டு, என்ன எழுதுவது என்று என்னையே கேட்கிறார்கள். சென்னையில் யாராவது இருக்கிறார்களா, மாமாவை விட்டு விசாரி. நைனாவுக்குத் தெரியவேண்டாம்.

விமானம் இறங்கும்போது வருகிற காது வலிக்கு நீ கொடுத்த எண்ணெயை, நீ சொன்னபடியே, இரண்டு சோதனைக்கும் முந்தின நாள் பூசிக்கொண்டேன். காதில் மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை.

உன் தம்பி,
கங்காதரன்


நசரத்பேட்டை,
12-7-1938

அன்புத் தம்பி கங்காதரனுக்கு வடிவு அக்கா ஆசீர்வாதம்.

நீ எழுதாமல் விட்ட கேள்விகளும் எனக்குப் புரிந்தன. அந்த டாக்டர் என் எதிரில் வந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். என் தம்பியைப் பார்த்துக் கேட்க அவருக்கு எப்படி நாக்கு வந்தது?

நைனாவிடம் சொல்லாதே என்கிறாய். உன் மாமா வாயில் எது நின்றிருக்கிறது, இது நிற்க? அன்றைக்கே சொல்லிவிட்டார். நைனா கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. "வரட்டும். ஏரியாண்ட நெலம் சும்மாதானே கீது. ஆகாசத்துல இன்னா வெச்சிகீது?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நீ பறப்பது எனக்குப் பிடிக்காது என்பது உனக்கே தெரியும். உனக்குத் தரையில் ஒரு வேலை கிடைத்தால் கூழ் ஊற்றுகிறேன் என்று போன ஆடியில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஆனால் இப்படிச் சந்தேகப்பட்டு, பெயரைக் கெடுத்து இறக்கிவிடு என்று நான் கேட்கவில்லை. அதனால் டாக்டரைத் தேடுவது என் பொறுப்பு. நீ கண்ணைக் கசக்காமல் இரு.

எண்ணெய் தீர்ந்திருக்கும். ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். கடைசிச் சோதனைக்கும் மறக்காமல் பூசிக்கொண்டு போ.

உன் அக்கா,
வடிவு


பம்பாய்,
16-8-1938

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை ஆபீசில் உட்காரவைத்திருக்கிறார்கள். தபால் மூட்டைகளை எடைபோட்டு ஏற்றிவிடுகிறேன். என் விமானத்தை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போகிறான். அது கிளம்பும்போது நான் ஏதாவது வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவேன்.

சோதனை முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது தனியாக டீ குடிக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று பயமோ என்னவோ.

நைனா சொல்வதுபோல ஊருக்கே வந்துவிடலாமா என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் வந்தால், விரும்பி வந்தவனாக வரவேண்டும் அக்கா. துரத்தப்பட்டவனாக வந்து ஏரிக்கரையில் நின்றால் எனக்கு மாடு பிடிக்கக்கூடக் கை வராது. டாக்டர் யாரும் கிடைக்கவில்லை என்றால் மறைக்காமல் எழுதிவிடு.

கங்காதரன்


நசரத்பேட்டை,
7-9-1938

அன்புத் தம்பிக்கு,

எழுத்து கோணலாகவும் பெரிதாகவும் இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். காரணம் வருகிறது.

பூந்தமல்லி டாக்டரிடம் போனோம். ஆளைக் காட்டாமல் கண்ணை எப்படிப் பார்ப்பது என்று என்னையே கேலி செய்தார். ஆவடியில் மாமாவுக்குத் தெரிந்த டாக்டர் உனக்கு டானிக் எழுதிக்கொடுத்தார், எனக்கும் சேர்த்து. நான் சோர்ந்துபோய்க் களத்தில் உட்கார்ந்திருந்தபோது, நம் நிலத்தில் வேலை செய்கிற அங்கம்மாதான் சொன்னாள்: "எயும்பூர்ல ஒரு கண்ணு டாக்டரு கீறாரும்மா. உலகநாதன்னு பேரு. ஆள் மொகமே தெரியாம தடவிக்கினு இருந்தேன், அவுருதான் தொறந்து உட்டாரு. ரொம்ப கேள்வி கேப்பாரு, கோச்சிக்காதே." அவளையே துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் உண்மையிலேயே கேள்விதான் கேட்டார். நீ என்ன சாப்பிடுவாய், எப்போது தூங்குவாய், சோதனைக்கு முந்தின நாள் என்ன செய்தாய். கடைசிக் கேள்வி வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காதுக்கு என் எண்ணெய் பூசிக்கினு போனான். அதனாலதான் காதுல மட்டும் குத்தம் கண்டுபிடிக்க முடியல" என்றேன். பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவருக்கே கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் கொண்டுபோயிருந்தேன்.

"இதில் என்னம்மா போடுகிறீர்கள்?"

"நல்லெண்ணெய், பூண்டு, ஊமத்தை எலச் சாறு."

மனுஷர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். ஊமத்தைச் சாறு பட்டால் கண் பாப்பா விரியுமாம், வெளிச்சத்துக்குச் சுருங்காதாம், ஒரு வாரமாவது அப்படியே நிற்குமாம். "எந்தக் காதில் வலி?" என்றார். இடது என்றேன். "பூசிய கை தூக்கத்தில் கண்ணுக்குப் போயிருக்கும். உங்கள் தம்பிக்கு ஒரு நோயும் இல்லை. நீங்கள்தான் நோய்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! இந்த ஊரில் எத்தனை குழந்தைகளின் காது வலியை நிறுத்திய எண்ணெய்! "என் எண்ணெய் ஒண்ணும் பண்ணாது. வேணும்னா என் கண்ணுலயே உடுங்க" என்றேன். வேண்டாம், பூனையின் கண்ணில் விட்டுப் பார்க்கலாம் என்றார். பூனை சொன்னால் பம்பாய் டாக்டர் நம்புவாரா என்று கேட்டேன். என் விரலில் எண்ணெயைத் தொட்டு, தூக்கத்தில் கசக்குவதுபோல நானே இடது கண்ணைக் கசக்கிக்கொண்டேன். வெளியே பெஞ்சில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை பார் என்று அங்கம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து எழுந்தே விட்டாள். "இன்னாம்மா இது, ஒரு கண்ணு மட்டும் இம்மாம் பெருசா, கருப்பா கீது!"

தம்பி, நான் அங்கேயே அழுதேன். உன்னை இறக்கியது அம்மன் இல்லை, என் கைதான். டாக்டர் மறுநாளும் வரச்சொல்லி, விளக்குக் காட்டி, அளவெடுத்து, எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி முத்திரை போட்டுக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா அந்தக் கடுதாசியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத்த அனுப்பாதே வடிவு. பையன் ஊட்டுக்கு வந்துடுவான். உனுக்கும் அதானே வேணும்?" என்றார்.

அதுதான் வேண்டும் தம்பி, பொய் சொல்லமாட்டேன். நீ எங்கள் கண்ணெதிரில் இருந்தால் எனக்கு வேறு ஒன்றுமே வேண்டாம். ஆனால் துரத்தப்பட்டவனாக வரமாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது மனசை விட்டுப் போகவில்லை. இதை மறைத்துவைத்துவிட்டு உனக்கு எப்படிச் சோறு போடுவேன்?

டாக்டர் கடுதாசியை இதோடு வைத்திருக்கிறேன். மாமா கையில் கொடுத்தால் நைனா பிடுங்கிக்கொள்வார். பூந்தமல்லி தபாலாபீசுக்கு நானே நடந்து போய்ப் போடுகிறேன். வெயில் இந்தக் கண்ணைக் குத்துகிறது, முந்தானையால் மூடிக்கொண்டு போவேன்.

எண்ணெயைத் தொடாதே. புட்டியைக் கடலில் வீசு.

உன் அக்கா,
வடிவு


பம்பாய்,
27-9-1938

என் அக்காவுக்கு,

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்! இரண்டு கண்ணும் ஒரே அளவு. காதிலும் குறையில்லை, உன் எண்ணெய் இல்லாமலே.

ஆனால் கண் சரியாக இருந்தது மட்டும் அவருக்குப் போதவில்லை. மறுபடி வராது என்பதற்கு என்ன சாட்சி என்றார். நீ அனுப்பிய கண் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "கண்ணில் பூசிக்கொண்ட இந்த அம்மாள் நர்ஸா?" என்று கேட்டார். "இல்லை, என் அக்கா. நான் விமானம் ஓட்டுவதே அவளுக்குப் பிடிக்காது" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிடிக்காதவள் கொடுத்த சாட்சி என்றால் நம்பலாம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். முன்பு கேட்ட கேள்விகளுக்கு மன்னிப்பும் கேட்டார்.

காது வலித்தால், இறங்கும்போது எச்சில் விழுங்கச் சொல்லியிருக்கிறார். இத்தனை சுலபமா என்று இருந்தது.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் தபால் கொண்டுவருகிறேன். பகல் பதினோரு மணி வாக்கில் பூந்தமல்லியைத் தாண்டுவேன். உன் கண் இப்போது எப்படி இருக்கிறது? நைனா பேசுகிறாரா?

உன் தம்பி,
கங்காதரன்


நசரத்பேட்டை,
3-10-1938

அன்புத் தம்பிக்கு,

என் கண் சரியாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கிறேன். அங்கம்மா மட்டும் இன்னும் தினம் ஒருமுறை கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். காது வலி என்று வருகிறவர்களுக்கு இப்போது வெறும் உப்பு ஒத்தடம்தான். நம்பாமல் முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள்.

அம்மனிடம் போய் வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். ஓட்டட்டும், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று. இனி நீ ஓட்டுகிற வரைக்கும் ஒவ்வொரு ஆடிக்கும் கூழ் ஊற்றவேண்டும். எனக்கு வேலை வைத்துவிட்டாய்.

நைனா பேசவில்லை. நான் தபாலாபீசுக்குப் போய்வந்த நாளிலிருந்து, வேண்டியதையெல்லாம் மாமாவிடம் சொல்லித்தான் என்னிடம் கேட்டார். உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். இன்று காலையில் நான் களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"எந்தப் பக்கமா வருவான்?"

வடக்கே, ஆவடி பக்கமாக என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதே கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து, களத்தில், வடக்கே பார்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் அக்கா,
வடிவு