பூஞ்சணம் பூக்காத தகடு

அன்புள்ள அக்கா,

இன்று காலை, மாலைக் கூட்டத்தில் பேசுவதற்காகத் தொண்டையை வெந்நீரால் ஆற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று புகை மணம். அடுப்போ அணைந்து கிடந்தது. வாயிலில் தங்கம் நின்றாள். உங்கள் தோட்டமுள்ள செலண்டாரிலிருந்து முதற் பேருந்தில் வந்திருந்தாள். நீங்கள் காத்த இரவல் நூற்பேழையை இப்போது காப்பவள் அவள்தான். துணி முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையளவு கித்தாத் தகடொன்றை, புகையேறிய ரப்பர்த் துண்டை, என்முன் வைத்தாள். உங்கள் உறுப்பினர் தகடு.

“நடப்பு உறுப்பினர் யாரு யாருன்னு மன்றத்துல கேக்குறாங்க, அண்ணே. அக்காவோடத கழிச்சிடவா, வச்சிக்கவா?”

எதிர்க்கேள்வி கேட்டவர்களையெல்லாம் அமரச் செய்த என் நாவு, இன்னொரு மடக்கு வெந்நீரை விழுங்கியது.

மலாக்கா நகர வாசகர் மன்றம் அந்தப் பேழையை உங்கள் தோட்டத்துக்கு வழங்கிய நாளில் திறப்புரை என்னுடையது. உரை நீண்டது, மழை பிடித்துக்கொண்டது. நான் முடிவுரைக்கு வருமுன்பே நீங்கள் நால்வரை அழைத்து, நூல்கள் நனையாதிருக்கப் பேழையை, கித்தாவைப் புகையிட்டு உலர்த்தும் புகைக்கூடத்தின் தாழ்வாரத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டீர்கள். கித்தாத் தகடுகளைப் பிரித்து அடுக்கும் உங்கள் வேலையிடமும் அதுவே. பேழை அங்கேயே நிலைத்தது.

மன்றம் தந்த தாள் அட்டைகளின் பின்புறத்தில் நான் எழுதிய எழுச்சியுரை அச்சாகியிருந்தது. வியர்வையும் மரப்பாலும் மழையும் அதைக் கூழாக்கின. நீங்கள் வருந்தவில்லை. புகையிட்ட தகட்டின் ஓரங்களை வெட்டி, காய்ச்சிய ஆணியால் பெயர் பொறித்து ஆளுக்கொன்று கொடுத்தீர்கள். அதிலே ஒரு நுட்பம் தானாக அமைந்தது. அடிக்கடி நூலெடுக்க வருகிறவரின் தகடு, கை பட்டுப் பட்டு மினுங்கும். வராதவரின் தகடு வீட்டு மூலையில் வெண்பூஞ்சணம் பூக்கும். “கணக்கு ஏடு எதுக்கு தம்பி? தடவிப் பாத்தா தெரியாது?” என்றீர்கள். தோட்டக் கணக்கெழுதும் கிராணியாரின் தகட்டுக்கு நரைத்த தாடியே முளைத்திருந்தது.

பிறகு கித்தா விலை விழுந்தது. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் வெறிச்சோடின. நகரில் துணிக்கடை வைத்திருந்த மன்றத் தலைவர் புதுச்சட்டம் கொண்டுவந்தார்: ஆறு திங்களுக்குள் நூலொன்றேனும் எடுத்தவரே நடப்பு உறுப்பினர், நடப்பு உறுப்பினர் போதாத தோட்டத்தில் பேழை இராது, உறுப்பினரல்லாதார் மன்றத்தில் பொறுப்பு வகிக்கலாகாது. லூபோக் சீனாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவருடைய மைத்துனர் பேழைக்காகக் காத்திருந்தார். தகடுகளைத் தாமே பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லி, துணைக்கு என்னையும் அழைத்து வந்தார்.

தோட்டமே தகடுகளோடு தாழ்வாரத்தில் கூடியது. தலைவர் மினுங்கும் தகடொன்றை எடுத்தார்.

“யாருடையது?”

“பொன்னனோடதுங்க” என்றீர்கள்.

“எங்கே அவர்?”

“வேல இல்லன்னு போன தீபாவளிக்கே கப்பல் ஏத்திட்டாங்க.”

“கப்பலேறிப் போனவர் நடப்பு உறுப்பினரா!”

“அவன்தாங்க கப்பல்ல போனான். தகடு போகல. பொண்டாட்டி கொண்டாருது, மக தங்கம் படிக்குது, லயமே உக்காந்து கேக்குது. இதுல யாரக் கழிக்கச் சொல்றீங்க?”

“காதக் கழிச்சிருங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் எழுந்தேன். “நடப்பு என்பது யாது? நடப்பது நடப்பா, நடந்தது நடப்பா...”

“தம்பி, கொஞ்சம் உக்காருங்க. மழ வந்துரும்.”

உட்கார்ந்தேன். என்னை அமரச் செய்தவர் இந்நாட்டில் நீங்கள் ஒருவரே. பிறகு தலைவரிடம் திரும்பினீர்கள்.

“மொத தகடு உங்களுக்குத்தாங்க குடுத்தோம். அதையும் காட்டிருங்க, ஐயா.”

தலைவர் பெருமிதத்தோடு தம் வெண்பட்டுச் சட்டையின் மார்புப் பையில் கையை விட்டார். கை வெளியே வரவில்லை. இழுத்தார், பையும் கூடவே வந்தது.

“எண்ண பூசினீங்களா?” என்றீர்கள், மிகுந்த பரிவோடு.

“வீட்டில்... பூஞ்சணம் போகட்டுமென்று... சிறிது தேங்காயெண்ணெய்...”

எண்ணெய் பட்ட கித்தா இளகும். பெருஞ்சாலையிலிருந்து நடந்துவந்த வெயிலில் தகடு பட்டோடு ஒன்றிவிட்டது. சிரிப்பில் தாழ்வாரத்துத் தகரம் அதிர்ந்தது. தலைவர் சிரிக்கவில்லை, தம் சட்டம் தம்மையே தலைமையிலிருந்து இறக்கிவிடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நீங்களும் சிரிக்கவில்லை. பேழையைத் திறந்து ஒரு நூலை எடுத்தீர்கள்.

“இப்ப ஒன்னு எடுத்துக்கிட்டா முடிஞ்சிச்சு. நீங்களும் நடப்புதான். பொன்னனும் நடப்புதான். சரிங்களா?”

மார்பில் கித்தாவும் கையில் நூலுமாக நின்றவர் வேறென்ன சொல்வார்? தகடு வந்துகொண்டிருக்கும்வரை, ஆள் எங்கே போயிருந்தாலும் உறுப்பினரே என்று அனைவர்முன்பும் ஒப்புக்கொண்டார்.

நீங்கள் கொடுத்தது மூன்று பகுதிகளாக வந்த கொலைக்கதை ஒன்றின் முதற்பகுதி என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அடுத்த வாரமே அவர் தனியாகப் பேருந்தேறி வந்தாராம். “அந்தச் சமையற்காரன்தானே கொன்றான்?” என்றாராம். “ரெண்டாவத எடுத்துட்டுப் போய்ப் படிங்க” என்றீர்களாம். அடுத்து வந்தபோது, “மூனாவது லயத்துல சுத்துதுங்க. இன்னொரு தரம் வாங்க” என்றீர்களாம். லூபோக் சீனாவை அவர் மறந்தே போனார்.

ஆய்வு முடிந்த அந்த மாலை, பேருந்துக்காக நின்றபோது உங்களைக் கேட்டேன்: உண்மையில் யார்தான் நடப்பு உறுப்பினர்?

“எடுத்துட்டுப் போறவங்கள வச்சு என்னா தம்பி? திரும்ப வர்றாங்களான்னு பாக்கணும்.” பேருந்து வரும் திசையைப் பார்த்தபடியே, “நீங்க வர்ற மாதிரி தெரியல” என்றீர்கள்.

வந்த பேருந்தில் ஏறிக்கொண்டேன். ஊர் ஊராய் முழங்குகிறவனுக்கு ஒரே ஊருக்கு மறுபடி என்ன வேலை என்று அப்போது நினைத்தேன்.

இன்று உங்கள் தகட்டைத் தடவிப் பார்த்தேன், அக்கா. நீங்கள் மறைந்தபின் ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்திருக்கிறது. ஒரு புள்ளி வெண்மையில்லை. “புகைக்கூடத்துல, அவங்க நிக்கிற எடத்துலயே தொங்குச்சு, அண்ணே” என்றாள் தங்கம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்கினேன். “உன் தந்தைக்குச் செல்லுபடியான நெறி அக்காவுக்கும் செல்லும். தகடு வரவேண்டும், அவ்வளவே. இதை நான் கொண்டுவருகிறேன். இதன்மேல் எனக்கு ஒரு நூல் கொடு.”

“பொஸ்தகம் தோட்டத்துலல்ல இருக்கு? வந்து எடுத்துக்கிங்க” என்றாள். அவளையும் பழக்கிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

தகடு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. எண்ணெய் தொடவில்லை. மாலை மேடையில் பக்கத்திலிருந்தவர் மூக்கைச் சுளித்து, எங்கோ புகைகிறதே என்றார். ஆமாம் என்றேன்; உரையையும் விரைவில் முடித்துக்கொண்டேன்.

ஞாயிறன்று செலண்டாருக்கு வந்து நூலெடுப்பேன். அதைத் திருப்பித்தர மறுபடியும் வருவேன்.