பாதியாகக் குறைந்த எண்

என்னங்க, நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மருந்துச் சோதனை நடத்தும் டாக்டர் நேற்று நம் இருவருக்கும் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்திருப்பீர்கள். தசை கரையும்போது ரத்தத்தில் ஏறும் அந்தப் புரதம் பாப்பாவுக்குப் பாதியாகக் குறைந்தது உண்மைதானாம். ஆனால் மருந்து போட்ட பிள்ளைகளில் ஒருவருக்கும் பலம் கூடவில்லையாம். இந்த நோய் உள்ளவர்கள் மிகக் குறைவு, பலத்தை அளந்து பார்க்க வருடக்கணக்காகும், அதனால்தான் புரதத்தை அளந்தோம் என்கிறார். பாப்பாவைச் சோதனையில் சேர்த்த அன்றே "கை தூக்குவாளா சார்?" என்று கேட்டேனே. "நம்பர் குறைஞ்சா எல்லாம் சரியாயிடும்மா" என்றாரே.

அதை நம்பி, எண் பாதியான அன்று, இங்கே நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் கேக் வெட்டினேன். சிடுமூஞ்சி சூப்பர்வைசர்கூட இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அவரை விடுங்கள். நேற்று பாப்பா போனில் சிரித்தாள். "அப்பா போடுற சடை ஒண்ணு காதுகிட்ட நிக்குது, இன்னொண்ணு கழுத்துகிட்ட தொங்குதும்மா."

"நீயே போட்டுக்கலையா?"

"கை மேல போகலம்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டபோதெல்லாம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினீர்கள். அந்த டாக்டருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

ரப்பர் பேண்டை இறுக்கிப் போடாதீர்கள், முடி அறுந்துவிடும். அவளுடைய பழைய ரிப்பன் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. மருந்தை நிறுத்துவதா என்று அடுத்த மாதம் சொல்வார்களாம். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் கை எதுவரை போகிறது என்று எனக்குக் காட்டுங்கள்.