பந்தி உட்கார்ந்த பிறகுதான் கலக்க வேண்டும்

அண்ணி,

இன்று காலை கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் இஞ்சியைத் துருவி, வறுத்து இடித்த எள்ளோடு நல்லெண்ணெயில் போட்டேன். வாசனை எழுந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போய் இது இரண்டாவது ஆவணி.

சிங்கப்பூரில் ஒரு வீட்டில் எட்டு வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு ஆரணிக்குத் திரும்பி வந்தீர்கள். வந்த வாரமே முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி, குடைமிளகாய் எல்லாவற்றையும் மெல்லிசாக நறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டீர்கள். பிறகு அண்ணனின் துவைத்த வேட்டியில் பரப்பி ஈரத்தை வடித்தீர்கள். சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் வெல்லம், இந்த இஞ்சி எள் எண்ணெய். மேலே வறுத்த வேர்க்கடலை. தறியை விட்டு எழுந்து சாப்பிட வந்த அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுப்பை எப்போது பற்றவைப்பாய் என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். அதே அண்ணன் இன்னொரு முறை கேட்டு வாங்கித் தின்றதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

பிறகு நாம் இருவரும் விசேஷங்களுக்குச் சமைக்கப் போனோம். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டுகிறவள் நான். அந்தப் பட்டுக்கடைக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம்தான் நமக்கு முதல் பெரிய பந்தி. பச்சைக் காயை இலையில் வைப்பதா என்று முணுமுணுத்தவர்களைப் பெண்ணின் அம்மா சமாளித்துவிட்டார். ஆனால் பெண்ணின் மாமா சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். பரிமாறும்போது தாமதமாகக் கூடாது, இப்போதே எல்லாவற்றையும் கலந்து வையுங்கள் என்றார்.

"இப்பவே கலந்தா தண்ணி வுட்டுத் தொவண்டுடுமுங்க. பந்தி உக்காந்தப்புறம்தான் கலப்பேன்" என்றீர்கள்.

அப்படியானால் இனி இந்த வீட்டு விசேஷம் எதற்கும் உங்களைக் கூப்பிட மாட்டோம் என்றார் அவர். நான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் அண்டாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"கூப்பிடாட்டியும் பரவாயில்லீங்க. தொவண்டு போனதை என் கையால வெக்க மாட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை. அவர் பெண்ணின் அம்மாவைத் தேடிப் போன நேரத்தில் பந்தி உட்கார்ந்துவிட்டது. நீங்கள் கலக்கக் கலக்க, நான் வாளியில் வாங்கிக்கொண்டு ஓடினேன். வரிசை முழுக்க நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம். சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சாதத்தை ஒதுக்கிவிட்டு இதையே மறுபடி கேட்டார். அடுத்த பந்தியில் மாமாவும் கேட்டார். அவருக்கு மட்டும் நீங்களே போய் வைத்தீர்கள். அந்த வீட்டுக் கல்யாணச் சமையலும் நமக்கே வந்தது.

கடைசியில் புற்றுநோய்ச் சிகிச்சையில் உங்கள் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தீர்கள். ஒரு மத்தியானம் கோஸ் நறுக்கிக் கலந்து எடுத்துவரச் சொன்னீர்கள். உங்களால் முடியாதே என்று தயங்கினேன். நான்தான் தின்ன வேண்டுமாம், உங்கள் காதருகில். அழுகையை அடக்கிக்கொண்டு மென்றேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"சத்தம் சரியா கீது. இனிமே நீயே பாத்துக்குவ" என்றீர்கள்.

பார்த்துக்கொள்கிறேன் அண்ணி. போளூரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். மண்டபத்துக்கு வருகிற பெண்கள் கைப்பக்குவம் கேட்கிறார்கள். ஒளிக்காமல் சொல்லி, இது எங்கள் அண்ணி சொல்லிக்கொடுத்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

இன்று மத்தியானப் பந்தியில் கலந்ததில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. சாயங்கால வரவேற்புக்கு அதையே வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் மண்டபத்து மேனேஜர்.

"அது முடியாதுங்க. புதுசா நறுக்கிக்கிறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். என் குரல் நடுங்கவில்லை, அண்ணி. மார்க்கெட்டிலிருந்து புதுக் கோஸ் மூட்டை வந்து இறங்கிவிட்டது. நறுக்க உட்காரப் போகிறேன்.