படத்தில் இல்லாத லயங்கள்

மார்ச் 1, வியாழன்
நல்ல வெயில். சர்வேயர் சேர் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "புளூபிரிண்டுக்கு இனிக் கொழும்புக்கு அனுப்பப் போறதில்ல. நீயே செஞ்சு பழகிக்க."

மூன்று மாதமாக எனக்கு இந்தச் சர்வே கந்தோரில் படங்களில் எழுத்து எழுதும் வேலை மட்டும். வரைவதெல்லாம் அவர்.

மருந்து இரண்டு போத்தல். பச்சைத் தூள், சிவப்புக் கட்டி. தனித்தனியே கரைத்து, சமமாகக் கலந்து, இருட்டறையில் தாளில் பூச வேண்டும். காய்ந்ததும் மேலே மையால் வரைந்த டிரேசிங் தாள், அதன் மேல் கண்ணாடி. பிறகு வெயில். பிறகு தண்ணீர். மைக்கோடு வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் நீலம்.

முதல் தாள், மூன்று நிமிடம். கழுவக் கழுவ எல்லாம் போய் வெறும் தாள். இரண்டாவது, ஜன்னல் இடுக்கால் வெளிச்சம் பட்டு முழுக்க நீலம். நகமெல்லாம் நீலம். கரண்டியால் சோறு.

மார்ச் 2, வெள்ளி
பழைய வீட்டுக் காணிப் படம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். வந்துவிட்டது! தண்ணீரில் கிடக்கக் கிடக்க நீலம் ஏறி, கோடுகள் பளிச்சென்று. சேர், "பரவாயில்லையே."

பிற்பகல் நிஜ வேலை. யட்டவத்த பக்கத்துத் தோட்டம். அரசாங்கம் எடுத்துத் துண்டு போட்டு ஊராருக்குக் கொடுக்கப் போகிறது. ஆறு பிரதி வேண்டுமாம். லெட்சுமி அக்கா இருக்கும் தோட்டம். சேருக்கு அது தெரியாது.

பிரதியில் ஓடை, பாதை, ஸ்டோர், கொக்கோ மலை எல்லாம் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசைகள், லயம் நான்கும் இல்லை. அந்த இடத்தில் கோடே இல்லாமல் திட்டுத்திட்டாக நீலம். பூச்சு சரியில்லை என்று இன்னொன்று செய்தேன். அதே இடத்தில் அதே திட்டு.

டிரேசிங்கை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பிளேடால் சுரண்டியிருக்கிறது. தடவினால் சொரசொரப்பு.

நான் கெடுக்கவில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதி. பிறகு சுரண்டிய இடங்களை எண்ணினேன், நான்கு.

மார்ச் 4, ஞாயிறு
யட்டவத்த பஸ். நெரிசல். காதுக்குள் யாரோ: "வரிசையில நின்னு நின்னு என் முறை வர்றப்ப சீனி முடிஞ்சிருச்சு."

லயம் நான்கும் இருக்கின்றன. ஏனோ எண்ணினேன். லயத்துக்கு ஆறு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. இருபத்துநாலிலும் ஆட்கள். கொடியில் துணி, கூரையில் புகை.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "அளக்க வந்தாங்க தம்பி. அத்தான்தான் சங்கிலி பிடிச்சாரு. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு எழுதிக்கிட்டாங்க. இனி வீடு நமக்குத்தானாம்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஏன் மொகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"வெயிலு, அக்கா."

சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மார்ச் 5, திங்கள்
கேட்டுவிட்டேன். "லயத்தைக் காணோமே சேர்."

தலை நிமிரவில்லை. "தோட்டத்தப் பொறுப்பெடுக்க வர்றவங்க சொன்னாங்க. வீடு இருந்தா வேற வீடு குடுக்கணும். காலி நிலம்னா ஆளுங்கள எழுப்பிடலாம்."

"எழுப்பி எங்க அனுப்புவாங்க?"

"அது நம்ம வேல இல்ல. மிச்ச நாலையும் போட்டு வையி."

கோடு ஒரு நூல் தவறினால் முழுத் தாளையும் கிழிப்பவர். இதே மனுஷன்தானா?

போட்டேன். டிரேசிங்கை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஃபீல்ட் புக் மட்டும் மேசையிலேயே. அதில் ஒவ்வொரு லயத்தின் நீளம், அகலம், அவர் கையெழுத்திலேயே.

மருந்தோடு வந்த குறிப்புத் தாளில் கடைசி வரி: திருத்தம் வேண்டுமானால் சலவைச் சோடாக் கரைசல் தொட்டு எழுதவும், நீலம் வெளுக்கும்.

மார்ச் 6, செவ்வாய்
ஏழு மணிக்கே கந்தோர். சோடா, நிப்புப் பேனா, அடிமட்டம். ஃபீல்ட் புக்கைப் பார்த்துப் பார்த்துக் கீறினேன். பேனா போன இடமெல்லாம் வெள்ளைக் கோடு. ஆறு தாளிலும், நான்கு லயமும், லயத்துக்கு ஆறு காம்பராவும்.

சேர் வந்தார். பார்த்தார்.

"யாரு கீறினது?"

ஏதாவது பொய் சொல்லலாம் என்றிருந்தேன். வாயில் வரவில்லை. "நான்தான். அளவு உங்களோடது சேர். எங்க அக்கா மூணாம் லயத்துல இருக்கு."

நாற்காலியில் சாய்ந்தார். ஃபீல்ட் புக்கைத் திறந்தார், மூடினார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

பேனாவை எடுத்து ஆறிலும் கையெழுத்து. முத்திரை. எனக்கு நம்ப முடியவில்லை.

"அஞ்ச நான் அனுப்புறேன். ஒண்ண அக்காகிட்ட குடு. நாளையிலேருந்து நீ வராத. கேட்டா, நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன், நீ கீறிட்டு ஓடிட்டன்னு சொல்லுவேன்."

"சரிங்க சேர்."

கும்பிட்டேனா இல்லையா, ஞாபகமில்லை. குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

மார்ச் 7, புதன்
மூன்றாம் லயம். எல்லாம் சொன்னேன். அத்தான் படத்தைத் தரையில் விரித்தார்.

"நம்ம காம்பரா எது?"

காட்டினேன். அக்கா குனிந்து கிட்டப் பார்த்தாள். "இத்தனூண்டா இருக்கே தம்பி. அவங்க கண்ணுல படுமா?"

மற்றக் காம்பராக்களை விட அதை நான் கொஞ்சம் பெரிதாகத்தான் கீறியிருந்தேன். சொல்லவில்லை.